எது முதலில் நின்றது?

மேடையிலிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நாமகிரிப்பேட்டையிலிருந்தும் தம்மம்பட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தோழர்களே, கணவர் உபகாரசாமியைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ரோசி அம்மையாரே! பாய்லர் ஆபரேட்டர் அர்த்தநாரி பேசுகிறேன்.

கணிப்பொறிப் பொறியாளர் உபகாரசாமி அவர்கள் எனக்கு யார்? என்னைச் சிறைக்குப் போகாமல் காத்தவர். எப்படிக் காத்தார்? தன் தவறைத் தானே சபையில் சொல்லிக் காத்தார்!

எண்பத்து நான்கில் நம் ஆலையின் முதல் பாய்லர் வெடித்தது. மோகனூர் கந்தப்பன் இறந்தார். தண்ணீர் வால்வை நான் மூடியதால்தான் பம்ப் நின்று, தண்ணீரில்லாமல் பாய்லர் வெடித்தது என்றது நிர்வாகம். பம்ப் தானாக நின்றது, அதனால்தான் வால்வு மூடிக்கொண்டது என்றேன் நான். கணிப்பொறி அச்சடித்த தாளில் வால்வு முதல் வரி, பம்ப் இரண்டாம் வரி. அது போதாதா? போலீஸ் என்மேல் வழக்குப் போட்டுவிட்டது.

அன்று மாலை உபகாரசாமி என் வீட்டுக்கு வந்தார்.

"அர்த்தநாரி, ரெண்டு வரியிலயும் ஒரே நேரந்தான் இருக்கு. எது முந்தின்னு அந்த மிசினுக்கே தெரியாது. ஒரே நேரமா இருந்தா கருவி நம்பர் வரிசையில அச்சடிக்கும், வால்வு ஒண்ணாம் நம்பர்."

"ஏனுங்க சார், அப்படி எழுதுனது யாருங்க?"

"நான்தான்."

கணிப்பொறியை இயக்கும் கெர்னல் என்ற மைய நிரலை எழுதியவர் அவர். நேரம் குறிக்க அவருக்கு இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று மின்சாரத் துடிப்பை எண்ணுவது, விநாடிக்கு ஐம்பது. மற்றது படிகக் கடிகாரம், விநாடியைப் பத்து லட்சமாகக் கூறுபோடுவது. அதைப் படிப்பதற்குள் மற்ற வேலை தாமதமாகும் என்று எளிதானதை எடுத்துக்கொண்டார். ஒரே துடிப்புக்குள் பம்பும் நின்றது, வால்வும் மூடியது!

"இதைச் சொன்னா உங்க வேலை போயிருமுங்க" என்றேன்.

"கந்தப்பன் உசுரே போயிருச்சே" என்றார்.

விசாரணையில் சொன்னார். நான் வழக்கிலிருந்து விடுதலையானேன்.

திரும்பக் கட்டிய முதல் பாய்லரின் நிரலைப் படிகக் கடிகாரத்துக்கு மாற்றினார். எது முதலில் நின்றது என்று தெரிந்தால்தானே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும்? மற்ற இரண்டுக்கும் அனுமதி கேட்டார். எத்தனை முறை கேட்டார்! மூன்று ஆண்டுகளில் பதினோரு கடிதங்கள். உற்பத்தியை நிறுத்த முடியாது என்பதே பதில்.

சென்ற வியாழன் மதியம் இரண்டாம் பாய்லரில் அபாய மணி அடித்தது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். உபகாரசாமி உள்ளே ஓடி அவர்களை வெளியே தள்ளிவிட்டார். பாய்லர் வெடித்தது, அவர் வரவில்லை. தாளில் ஐந்து வரிகள், ஐந்துக்கும் ஒரே நேரம். முதல் வரியில் வால்வு! உபகாரசாமி கை வைத்ததால் வெடித்தது என்று நேற்றே நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

இனி அவரால் பேச முடியாது தோழர்களே. நான் பேசுவேன்! அந்தப் பதினோரு கடிதங்களையும் விசாரணையில் வாசிப்பேன். மூன்றாம் பாய்லரின் நிரல் மாறும்வரை நம் பிரிவில் ஒருவரும் அதைத் தொடமாட்டோம்.

ஆனால் இன்று காலை வெளியாட்களை வைத்து அதை மூட்டிவிட்டார்கள். கேட்கிறதா அந்த இரைச்சல்? இந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தான். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கு வாசல் வழியாகப் போங்கள். நிற்காமல் போங்கள்.