கடலம்மாவின் தகப்பன்

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கல்குடாவில் தோணி வைத்திருப்பவர், மற்றவர் அவருடைய மச்சான் என்பது பேச்சில் தெரிந்தது.

"என்ட மகள இப்ப சாமியெண்டு கும்புடுறாங்க மச்சான்," என்றார் தோணிக்காரர்.

"ஆர, சுனாமியில போன சின்னவளையா?"

"ஓம். அப்ப ஸ்கூலால பேப்பருக்குக் குடுத்த படம். அதக் கும்புட்டுச் சுகம் வந்ததெண்டு ஆரோ டிவியில சொல்லியிருக்கான். இப்ப அவள் கடலம்மாவாம். பாட்டு சிடியும் போட்டிருக்காங்க. களுவாஞ்சிக்குடிக்கு அங்கால ஒரு கொட்டில்ல கோயிலும் வெச்சிருக்காங்க."

"நீங்க போய்க் கேக்கலியா?"

"போன வெள்ளிக்கிழமை போனன். இது என்ட புள்ள, படத்தக் கழட்டித் தாங்க எண்டன். கடலம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்ல, லைனில வாங்க எண்டாங்க."

"அடிச்சிருக்கோணும்."

"அடிக்கத்தான் கையத் தூக்கினன். முன்னுக்கு ஒரு பொம்புள நிண்டா. கடைசிச் சண்டையில மகன் காணாமப் போனவவாம். 'அம்மா, அவன் உசிரோட இருக்கானா எண்டு மட்டும் சொல்லு' எண்டு என்ட புள்ளையப் பாத்துக் கெஞ்சிறா. அவளுக்கு ஏழு வயசு மச்சான். அவள் என்னத்தச் சொல்லுவாள்?"

ஏறாவூரில் பஸ் நின்று ஆட்களை ஏற்றியது.

"பிறகு?"

"பிறகென்ன, அந்தப் பொம்புளைக்குப் பின்னால லைனில நிண்டன். என்ட முறை வந்தோண்ண நல்லாப் பாத்திட்டு வந்திட்டன். எல்லாத்தையும் கடல் கொண்டு போயிட்டுதே, ஊட்டில அவள்ர படம் ஒண்டும் இல்ல."