சீர்த்தட்டில் கண்ட்ரோலர்

நான் நாலாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனாலும் தேனியில் சொந்தமாகக் காய்கறி மண்டி போட்டு ஆளானவன். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டே யாவாரம் படித்தவன். ஆண்டிபட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு அக்காளும் தம்பியும்.

“அக்கா, பாப்பா காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர்த்தட்டுல வீடியோ கேம் கண்ட்ரோலர் வைக்கட்டா?”

“ஏலே, அவளுக்கு இன்னும் பல்லே மொளைக்கல.”

“புதுசா கார் பந்தய கேம் வந்திருக்குக்கா. ரெண்டு பேரு சேந்து ஆடணும். எங்கிட்ட ஒரு கண்ட்ரோலர்தான இருக்கு.”

“அவ எப்ப ஆடுறது?”

“வளந்து ஆடட்டும். அதுவரைக்கும் நான் பத்திரமா பாத்துக்கிறேன்.”

“எங்க மாமியா வீட்டாக அம்புட்டுப் பேரும் வந்து உக்காந்திருப்பாக. சிரிக்க மாட்டாக?”

“எல்லாரும் தோடுதான் வைக்கிறாக. நம்ம சீரு தனியாத் தெரியும்ல?”

அக்காள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மண்டியில் நானும் இப்படித்தான்; கடைசி விலையைச் சொல்லுமுன் கொஞ்சம் வாயை மூடிக்கொள்வேன்.

“சரி, வையி. தட்டுல வச்சது எங்க வீட்டுக்கு வந்துரும்ல? வெறும் கண்ட்ரோலர வச்சு எம்புள்ள என்ன செய்யும்? உன் கேம் பொட்டியவும் சேத்து வச்சிரு. உங்க மாமாவும் ரொம்ப நாளா ஆசப்படுறாக.”

தம்பி அக்காள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான்.

“தோடு எங்கனக்கா எடுக்கணும்?”