தேதி இல்லாத கடன்

ஒரு தீக்குச்சியை நீளவாக்கில் பிளந்தால் இரண்டு குச்சி கிடைக்கும். மருந்து உதிராமல் பிளக்க உளி கூர்மையாக இருக்க வேண்டும், கை பதறக் கூடாது. நான் ஆசாரி என்பதால் எனக்கு அது சிரமமாக இல்லை. தெருவில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோருமே யாருக்காவது கடன்பட்டிருந்தார்கள்.

உட்காரச் சொல்கிறீர்கள். நின்றுகொண்டே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. ஓரிடத்தில் உட்காருகிற பழக்கம் எனக்கு விட்டுப்போய் மூன்று வருஷம் ஆகிறது.

என் பெயர் சேவுகன். காரைக்குடிதான் ஊர். செட்டியார் வீடுகளுக்கு நிலையும் கதவும் செய்வது தொழில். என் மனைவி மலையம்மாள். கல்யாணமான மறுவருஷம் பிள்ளை வயிற்றிலேயே இறந்து, அவளுக்கு விஷக்காய்ச்சல் கண்டது. உள்ளூர் வைத்தியர் கையை விரித்துவிட்டார். மதுரைக்குக் கொண்டுபோனால் பிழைக்கலாம் என்றார்கள். நான் அப்போது தேவகோட்டையில் ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு ஆச்சியிடம் போய் நின்றேன். ஆச்சி தன் சொந்தப் பணத்திலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார்கள். பத்திரம் கேட்கவில்லை. வட்டி பேசவில்லை.

“எப்பத் திருப்பித் தரணும் ஆச்சி?” என்றேன்.

“மொதல்ல அந்தப் புள்ளயப் பொழைக்க வையுங்க ஆசாரி. முடிஞ்சப்பக் குடுங்க. நானா கேக்கப் போறேன்?”

மதுரை ஆஸ்பத்திரியில் மலையம்மாள் பிழைத்தாள். தினமும் பாலும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றச் சொல்லி அனுப்பினார்கள். வண்டியில் திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். நான் தூங்கவில்லை. அன்றைக்குத் தொடங்கியது.

தேதி போட்ட கடன் அந்தத் தேதி வரைக்கும் ஒருவனைத் தூங்கவிடும். தேதி இல்லாத கடனுக்கு எல்லா நாளும் தேதிதான். சோற்றில் கை வைத்தால் இது ஆச்சியுடைய சோறு என்று தோன்றும். மரத்தை இழைத்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவேன். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு வில்வண்டி வந்தால் சந்துக்குள் ஒதுங்குவேன். அவர்கள் கேட்கவே இல்லை என்பதுதான் என்னை அரித்தது. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

செலவைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். முதலில் நிறுத்தியது என்னுடைய வெற்றிலை புகையிலையைத்தான். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். தேவகோட்டைக்கு மோட்டாரில் போவதை விட்டு நடந்தேன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்தோம், விளக்குக்கு எண்ணெய் மிச்சம். மலையம்மாளும் சந்தோஷமாகத்தான் சேர்ந்துகொண்டாள். சந்தைக்குப் போனால் கண்டதையெல்லாம் விலை பேசிவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவாள். “இன்னைக்குப் புடலங்கா, கத்திரிக்கா, ஒரு மல்லியப்பூப் பந்து, அம்புட்டையும் வாங்காம வந்துட்டேன். எம்புட்டு மிச்சம் பாருங்க” என்பாள். இரண்டு பேரும் சிரிப்போம். மாதக் கடைசியில் ஆச்சி கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் அன்று ஒரு பொழுது நிம்மதியாக இருக்கும். மறுநாள் காலையில் மறுபடியும் கால் நிலைகொள்ளாது.

இப்படியே போயிருந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் செட்டியார்களுக்குப் பர்மாவில் வியாபாரம் படுத்து, அங்கிருந்து பணம் வருவது நின்றது. கொத்தமங்கலத்தில் பாதி எழும்பிய வீடுகள் அப்படியே நின்றன. தேக்கு மரங்கள் வெயிலில் கிடந்து வெடித்தன. என் கூலி பாதியானது, அதுவும் கிடைத்த நாட்களில். ஆச்சியே கூப்பிட்டு, “காலம் நல்லா இல்ல ஆசாரி, ஒரு வருசம் கழிச்சுக் குடுங்களேன்” என்றார்கள். அந்த வார்த்தை என்னை எப்படிக் குத்தியது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மாதாமாதம் கொடுக்கிற தொகையில் நான் ஒரு காசு குறைக்கவில்லை.

பாலை நிறுத்தினேன். செலவில் பெரியது அதுதான். முட்டை தானாக நின்றது. பிறகு காலைக் கஞ்சியை நிறுத்தினோம். எனக்கு மட்டும் ஒரு சொம்பு உண்டு. உளி மழுங்கினால் வேலை நடக்காது, அதுபோலத்தான் உழைக்கிற உடம்பும். அவள் வீட்டில் இருப்பவள். இதை அவளிடம் விளக்கிச் சொன்னேன். தலையாட்டினாள். அரிசி கொஞ்சம் சீக்கிரம் தீர்வதுபோல் தெரிந்ததால் பானையை என் உளிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, காலையில் நானே அளந்து கொடுத்தேன்.

ஒருநாள் வேலை இல்லாமல் மத்தியானமே திரும்பினேன். அடுப்பு புகைந்தது. மலையம்மாள் உலையைக் கையால் மறைத்தாள்.

“அரிசி ஏது?”

“அக்கம்மா அக்காகிட்ட ஒரு ஒழக்கு வாங்குனேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுங்க.”

நான் கோபப்படவில்லை. கை நீட்டியதும் கிடையாது, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பாதி வெந்த அரிசியை வடித்து ஒரு சட்டியில் போட்டு, அவளையே எடுக்கச் சொல்லி அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கம்மாள் சட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதப் போயித் திருப்பிக் குடுப்பாகளா? அவ மொகத்தப் பாருங்க ஆசாரி. எலும்பும் தோலுமா நிக்கிறா.”

“கடன் எங்க வீட்டுக்கு ஆகாதுக்கா” என்றேன். மலையம்மாள் குனிந்தபடி சட்டியை வைத்தாள். வைக்கும்போது விரலில் ஒட்டியிருந்த பருக்கையை நாக்கில் வைத்துக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. ஒரு பக்கம் நான் அடைத்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அவள் வாங்கிக்கொண்டிருந்தால் இந்த ஜன்மத்தில் தீராது. மறுநாளிலிருந்து பின்கட்டு அறையில் அவளை வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனேன்.

“பூட்டிட்டா போறீக?” என்று கேட்டாள்.

“தண்ணி உள்ள இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்.”

“நான் யாருட்டயும் கேக்க மாட்டேங்க. சத்தியமா.”

“நீ கேக்க மாட்டே. அவுகளாக் குடுப்பாக.”

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, “ஆமா, குடுப்பாக” என்றாள்.

மார்கழியில் அவளுடைய அண்ணன் சோணை வந்தான். தலையில் ஒரு பெட்டி. வேர்க்கடலை, வெல்லம், ஒரு மரக்கால் அரிசி என்று வாசலிலேயே இறக்கினான்.

“தங்கச்சிய எங்க மச்சான்?”

“திருக்கோஷ்டியூருக்குப் போயிருக்கா. பெருமாளச் சேவிக்க, தெருவுப் பொம்பளைகளோட.”

“நடந்தா? அம்புட்டுத் தூரம் நடக்குறாளா? அப்ப ஒடம்பு நல்லாத் தேறிருச்சு” என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பெட்டியை மறுபடி அவன் தலையில் தூக்கி வைத்தேன். வாங்கினால் பொங்கலுக்கு நாங்கள் திருப்பி ஏதாவது செய்ய வேண்டும், அதுவும் ஒரு கடன்தான். அவள் பின்கட்டில்தான் இருந்தாள். அண்ணன் குரல் கேட்டிருக்கும். கூப்பிட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். சத்தம் வாசல் வரைக்கும் வரவில்லை.

தை கடைசியில் மிச்சத் தொகையைக் கொண்டுபோய் ஆச்சி கையில் கொடுத்தேன். ஆச்சி கண் கலங்கினார்கள். “ஒங்கள மாதிரி நாணயக்காரரப் பாத்ததில்ல. புள்ள நல்லா இருக்காளா?”

“இருக்கா ஆச்சி.”

இலை போட்டுச் சாப்பாடு போட்டார்கள். பருப்பு, நெய், இரண்டு பொரியல், பாயசம். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கென்று ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்ததை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடனை அடைத்த அன்றைக்கே புதிதாக ஒன்று வாங்கக் கூடாது.

வந்து கதவைத் திறந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“தீந்துருச்சா?”

“தீந்துருச்சு.”

“அப்ப நாளைக்குச் சோறு ஆக்கலாமா?”

“பாப்போம்” என்றேன்.

உங்கள் கேள்வி இதுதான் என்று எனக்குத் தெரியும். கடன் தையில் தீர்ந்துவிட்டது. அவள் செத்தது பங்குனியில். இடையில் எதற்குப் பூட்டினாய் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். நானும் அன்று தூங்குவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் விடிவதற்கு முன்பே எழுந்து நடந்துகொண்டிருந்தேன். இன்னொரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, மறுபடி யார் வாசலில் போய் நிற்பது என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. கையில் கொஞ்சம் சேருகிற வரைக்கும் இப்படியே இருப்போம், பங்குனி உத்திரத்துக்குப் பிறகு பால் வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அந்தச் சமயம் அவள் பேசுவதே குறைந்திருந்தது.

அன்று வேலையிலிருந்து வந்து பூட்டைத் திறந்தேன். கதவு உள்ளே போகவில்லை. அவள் கதவோடு சாய்ந்து கிடந்தாள். மெல்லத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கதவின் உட்பக்கத்தில் கீழே, நகத்தால் கீறின தடங்கள் இருந்தன. நல்ல தேக்கு. இழைத்தால் போய்விடும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் அவளைத் தொட்டுப் பார்த்தேன். அக்கம்மாள் வந்து எட்டிப் பார்த்து அலறினாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

நான் எதையும் மறுக்கவில்லை. பூட்டியது நான். அரிசியை அளந்தது நான். அவள் அண்ணனிடம் பொய் சொன்னதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்று மட்டும் விட்டுப்போகாமல் எழுதிக்கொள்ளுங்கள். உளிப்பெட்டியின் அடியில் ஒரு துணியில் முடிந்து பதினொரு ரூபாய் இருக்கிறது. அவளுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போவதற்காக வைத்திருந்தேன்.