காலி இடம் சொன்ன ஆள்

எனக்கு இன்டர்வியூ எல்லாம் கிடையாது. தண்டையார்பேட்டை கிடங்கில் ரெண்டு மூட்டையை ஒண்ணாத் தூக்கிக் காட்டினேன், முதலாளி வேலை குடுத்தான். பின்னால் அந்தக் கிடங்கையே வாங்கினேன். அதனால், திருவொற்றியூர் பஸ்ஸில் முன் சீட்டு ஆசாமிகள் ரெண்டு பேர் இன்டர்வியூவுக்கு ஒத்திகை பார்த்தது எனக்கு வேடிக்கையாத்தான் இருந்தது. காக்கிச் சட்டைக்காரன் இன்டர்வியூ நடக்கிற ஃபேக்டரியிலேயே வேலை செய்கிறவன். ஆபீசர் மாதிரி குரலை மாத்திக் கேட்டான். வெள்ளைச் சட்டைக்காரன் வேலை தேடிப் போகிறவன்.

"கையப் பிசையாதே, மூஞ்சியப் பாத்து சொல்லு. வேலை காலின்னு உனக்கு யார் சொன்னது?"

"அந்தோணி சொன்னாரு சார்."

"இன்னா நைனா, பேஜாரு பண்றே? அந்தோணி செத்துதானே அந்த எடமே காலியாச்சு!"

"பொதைச்ச பிறகுதான் வந்து சொன்னாரு மாமு."

"அத்த அங்க சொன்னே, வாட்ச்மேனே தொரத்துவான். நான் சொன்னேன்னு சொல்லு."

"பொய் சொல்லி மாட்டிகினா? வூட்ல அடுப்பு எரிஞ்சு நாளாவுது மாமு. இத வுட்டா வேற கதி இல்லே."

"சரி, அந்தோணி வேற இன்னா சொன்னாரு?"

"இன்னொரு எடமும் காலியாவப் போவுதாம்."

"யாரு எடம்?"

"அத்த உன்கிட்ட மட்டும் சொல்லாதேன்னாரு மாமு."

ஃபேக்டரி வாசலில் பஸ் நின்றது. சங்கு ஊதியது. வெள்ளைச் சட்டைக்காரன் காலரை இழுத்து விட்டுக்கொண்டு இறங்கினான். காக்கிச் சட்டைக்காரன் முன்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான்.