வருத்தமில்லாத பிள்ளைக்கு ஒரு நம்பர்

கல்முனையில் ஓர் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் வரிசையில், ஒரு வயது மகளை மடியில் வைத்திருந்த ஒருவர், பின்னால் வந்தவர்களையெல்லாம் தமக்கு முன்னே அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க ராத்தா" என்றார், அடுத்து வந்த பெண்ணிடம்.

"பிள்ளைக்கு என்ன வருத்தம், தம்பி?"

"ஒண்டுமில்ல. இவட உம்மாக்கு மேல் வாட்டுல டியூட்டி, ரெண்டு மணிக்கி முடியும். பொறகு எனக்கு ஐஸ் பெக்டரி. பிள்ளைய இங்க வெச்சித்தான் கைமாத்துற. நம்பர் இல்லாட்டி உள்ளுக்கு இரிக்க உடமாட்டாங்க."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம். டியூட்டி மாறினா நாங்களும் கிளினிக் மாறுவம். போன கிழம பல்லு டொக்டர்."

"அல்லாஹ்வே, பிள்ளைக்கி பல்லு ரெண்டுதானே இரிக்கி!"

ஒன்று நாற்பதுக்கு நோயாளிகள் தீர்ந்துபோயினர். அவருடைய இலக்கத்தை அழைத்தார்கள். மகளோடு வாசலில் நின்று, மிகுந்த பணிவுடன் கேட்டார்:

"டொக்டர், இருவது நிமிசம் பாக்குற மாதிரி ஏதும் வருத்தம் இரிக்கா?"