சுகுணாவின் இடது காது

கிட்ட வந்து உட்காருங்கள். பயந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்... பாதியில் எழுந்தால் தனியாகத்தான் போக வேண்டும்.

மாலை ஐந்தே முக்கால். டிசம்பர் மாதம். நம் அந்தமான் தீவில் அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. வண்டூர் கடைசி ஸ்டாப்பில் இரண்டே பேரை இறக்கிவிட்டு பஸ் திரும்பிப் போனது. ஒருத்தி சுகுணா, என் சிநேகிதன் அன்பழகனின் சித்தி மகள். கூட அவள் புருஷன் யோகராஜ்.

சுகுணாவின் தலையைச் சுற்றி, இடது காதை மூடி, வெள்ளைக் கட்டு. கிழிந்த செவிப்பறைக்கு ஒட்டுப்போட்டு ஐந்தாம் நாள். காதுக்குள் மருந்து நனைத்த துணி நாடா. "மூணு வாரம் தொடக் கூடாது. தண்ணி படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இன்னொரு அடி பட்டா ஒட்டு பிஞ்சிரும். அப்புறம் அந்தக் காது அவ்வளவுதான்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எப்படிக் கிழிந்தது என்று அவர் கேட்டபோது, "பாத்ரூம்ல விழுந்துட்டேன்" என்றாள். அறைந்தவன் பக்கத்திலேயே நின்றானே!

அன்று மத்தியானம் கட்டு மாற்றும்போது அவன் மாத்திரை வாங்கப் போயிருந்தான். சீட்டில் முகவரியைப் பார்த்த வங்காளி நர்ஸம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இந்தியில் பொரிந்து தள்ளினாள்.

"அந்த வீட்டு பாத்ரூமா? பன்னிரண்டு வருஷம் முன்னாடி வசந்தகுமாரின்னு ஒருத்தி. அவளும் அங்கேதான் விழுந்தாளாம். அவளுக்கும் இடது காது. கட்டுப் பிரிக்க அவ வரவே இல்லை."

வசந்தகுமாரி யோகராஜின் முதல் மனைவி. உப்பங்கழியில் துணி அலசப் போனவளை முதலை இழுத்துப் போனது என்று அவன் சொன்னான். ஊரும் நம்பியது. முதலை வந்து மறுக்கவா போகிறது?

பஸ்ஸில் வரும்போதே சுகுணா உள்ளுக்குள் பொருமினாள். தண்ணீர் படக் கூடாத காதோடு எவளாவது கழியில் இறங்குவாளா?

"பையைத் தூக்கு" என்றான் யோகராஜ். பத்துக் கிலோ அரிசி.

"டாக்டர் கூடாதுன்னாரே."

"டாக்டரா சோறு போடுறான்? நடிக்காத, நக்ரா பண்ணாம நட!"

பையை அவள் காலடியில் போட்டுவிட்டு முன்னால் நடந்தான். அவள் தொடவில்லை. வெறுங்கையோடு பின்னால் போனாள். இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். நடுவில் கழிப்பாலம்.

சதக்... சதக்...

ஈரக் கால் சத்தம். முதுகுக்குப் பின்னால். நல்ல காதைப் பொத்திப் பார்த்தாள்... நிற்கவில்லை. அடைத்து வைத்த இடது காதில்தான் கேட்டது. ஸ்பிரிட் வாடை. கூடவே சேற்று நாற்றம். காதுக் கட்டின் மேல் சில்லென்று மூச்சுப் பட்டது.

"நீயும் பாத்ரூம்லதான் விழுந்தியா?"

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

யோகராஜ் திரும்பினான். "அரிசி எங்கேடி?" கை ஓங்கியது.

"இல்லக்கா!" என்று இருட்டைப் பார்த்துக் கத்தினாள் சுகுணா. "இவன்தான் அறைஞ்சான். நான் பொய் சொன்னேன்!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது... மெல்ல மடங்கியது... அவன் இடது காதையே பொத்திக்கொண்டது. பாலத்தில் உருண்டு உருண்டு அலறினான்.

அந்தக் கை அதற்கப்புறம் அவள் மேல் விழவில்லை. அவள் ஒட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை அதே டாக்டர் விளக்கை வைத்து அவன் காதுக்குள் பார்த்தார். "உங்களுக்கு எப்ப ஆபரேஷன் ஆச்சு?"

ஆபரேஷனா? அவன் ஊசிகூடப் போட்டுக்கொண்டவன் இல்லை.

இடுக்கியை விட்டு இழுத்தார். கறுத்த துணி நாடா. ஒரு சாண்... ஒரு முழம்... இரண்டு முழம். ஒரே கழிச்சேற்று நாற்றம். தட்டு நிறைந்து தரையில் வழிந்தது. நர்ஸம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு இவருக்கு?"

"பாத்ரூம்ல விழுந்துட்டாரு" என்றாள் சுகுணா.

நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார்.

கட்டுக்குள் இருந்த இடது காதில், சுகுணாவுக்கு மட்டும் கேட்டது.

"இன்னும் இருக்கு... இழுக்கச் சொல்லு."