அடுத்த பக்கம் கேட்கவும்

இதில் எழுதியிருக்கும் ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று சத்தியம் செய்கிறேன். சத்தியத்தை முதலிலேயே முடித்துவிட்டால் பிறகு நிம்மதியாக எழுதலாம். நீங்கள் உட்காரக் கொடுத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. என் கையெழுத்து அங்கங்கே சாய்ந்திருந்தால், அது மனசாட்சியின் உறுத்தல் என்று விசாரணைக் குழு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயது அறுபத்தெட்டு. ஐந்நூறு படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியில் உடம்பில்லாத கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். அடித்தளத்தில் இரும்பு அலமாரி மாதிரி ஒரு பெரிய பெட்டி நிற்கிறது. அதற்குள் ஒரு மென்பொருள், ஏகப்பட்ட கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருக்கிறது. ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியின் ஒவ்வொரு பிரிவும் அதில் ஒரு குடித்தனம். தினமும் மதியம் இரண்டு மணிக்கு எல்லாக் குடித்தனங்களையும் நகலெடுத்து இன்னொரு கட்டிடத்தில் வைக்க வேண்டும். நான் எழுதிய சின்ன நிரல் ஒன்று அதைச் செய்யும். அந்த நேரத்தில் நான் சாப்பிடுவேன்.

"யார் யார் இருக்கீங்க?" என்று நிரல் கேட்கும். மென்பொருள் அகர வரிசையில் பெயர்களைச் சொல்லும். ஆனால் ஒரு மூச்சில் நூறு பெயர்தான். அதற்கு மேல் இருந்தால் கடைசியில், 'இன்னும் இருக்கிறது, அடுத்த பக்கம் கேட்கவும்' என்று ஒரு வரி போட்டு, ஒரு சீட்டும் கொடுக்கும். சீட்டைத் திருப்பி நீட்டினால் அடுத்த நூறு. என் நிரல் அந்த வரியைப் படிக்காது. முதல் பக்கத்தை வாங்கிக்கொண்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடும். அதை எழுதியபோது இருந்தவை முப்பத்தேழு. முப்பத்தேழு பேருக்கு யாரும் இரண்டாவது பஸ் விடுவதில்லை. நூறு என்ற கணக்கை வைத்தவனும் நான் இல்லை.

நகல் முடிந்ததும் இயக்குநருக்கு ரிப்போர்ட் போகும். முப்பத்தேழுக்கு முப்பத்தேழு என்று போனது. அறுபத்துநாலுக்கு அறுபத்துநாலு என்று போனது. ஒரு நாள், 'நூற்றுக்கு நூறு' என்று போனது. இயக்குநர் அதைப் பரீட்சை மார்க்காக எடுத்துக்கொண்டார். சட்டம் போட்டு வரவேற்பறையில் தன் அலங்கார மீன்தொட்டிக்கு மேலே மாட்டினார். மறுநாளும் நூற்றுக்கு நூறு. ஆறு வருஷம் ஒரு மார்க் குறையவில்லை. வயதானவர்களை வீட்டுக்கு அனுப்பும் பட்டியல் வரும்போதெல்லாம் இயக்குநர் அந்தச் சட்டத்தைக் காட்டி என் பெயரை அடித்துவிடுவார்.

எங்கள் பிரிவில் ஓர் அம்மாள் உண்டு. வயர் போடுவது, இணைப்பு கொடுப்பது எல்லாம் அவர்தான். பெயர் 'சந்தேகம்'. பெற்றோர் வைத்ததல்ல, நான் வைத்தது.

"பெரியவரே, மொத்தம் எத்தனை மெஷின் இருக்கு?"

"நூறு."

"போன வாரம் நானே ஆறு புதுசு போட்டேனே. அதுக்கு முன்னாடியும் நூறுன்னுதான சொன்னீங்க?"

"உன் ஆறையும் சேர்த்துத்தாம்மா நூறு."

"எப்படி?"

"நீ போய் வயரைப் பாரு."

அவர் போனபின் எண்ணிப் பார்த்தேன். நூற்று அறுபத்துமூன்று. அறுபத்துமூன்று கம்ப்யூட்டர்களுக்கு நகலே கிடையாது. சரிசெய்ய நாலு வரி போதும். அன்றே எழுதிவிட்டேன், எழுதவில்லை என்று சொல்லிவிடாதீர்கள். ஆனால் நகல் கட்டிடத்தில் நூறுக்குத்தான் இடம் வாங்கியிருந்தது. கூடுதல் இடம் கேட்டால், ஒரே நாளில் அறுபத்துமூன்று பிள்ளைகள் எங்கிருந்து பிறந்தன என்று இயக்குநர் கேட்பார். நான் என்ன செய்ய முடியும்? நாலு வரியைப் பத்திரமாக மேஜை டிராயரில் வைத்தேன்.

இனி என் மைத்துனன். மனைவியின் தம்பி. மூன்று வருஷமாக வாரம் மூன்று தடவை எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்தான். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து காத்திருந்தான். யார் முதலில் பதிந்தாரோ அவருக்கே முதலில் கிடைக்கும். பதிந்த தேதி காகிதத்தில் எங்கும் கிடையாது, 'மாற்றுச் சிறுநீரகப் பட்டியல்' என்ற கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. அது அழிந்தால் எல்லோரும் புதிதாக வரிசையின் வாலில் நிற்க வேண்டும். 'மா' என்று தொடங்கும் பெயர். ஆகவே இரண்டாம் பக்கம். ஆகவே நகல் கிடையாது.

நீள நாற்காலியில் சாய்ந்து, கையில் இரண்டு குழாயோடு கேட்பான்.

"மாமா, நான் எத்தனாவது?"

"பதினாலு."

"போன மாசமும் பதினாலுதான?"

"முன்னால இருக்கறவங்க நகரலைடா."

"அவங்க நல்லா இருக்கணும்னு வேண்டிக்கறதா, வேணாமான்னே தெரியல மாமா. நீங்க வேணா ஒரு பட்டனைத் தட்டி என்னைப் பதிமூணாக்குங்களேன்."

"தட்டினா பதிமூணாவது ஆள் பதினாலாயிடுவான்."

"அப்ப வேணாம். அவருக்கு ரெண்டு பொண்ணு."

வீட்டுக்கு வந்தால் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே கேட்பாள். "என் தம்பி பேரு பத்திரமா இருக்கா?" இருக்கிறது என்பேன். அவள் நிம்மதியாகச் சோறு போடுவாள். அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது லேசான காரியமில்லை.

ஆகவே மைத்துனனுக்காக அதைச் செய்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, அந்தக் கம்ப்யூட்டரின் பெயருக்கு முன்னால் ஓர் 'அ' சேர்த்தேன். ஒரே ஓர் எழுத்து. அகர வரிசையில் அது முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டு மணிக்கு முதல் நகல். அந்த வாரமே தரச்சான்று ஆய்வாளர்கள் வந்தார்கள். நகலிலிருந்து எந்தக் கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துக் காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கடிதம் போடுவது அவர்கள் வழக்கம். சிறுநீரகப் பட்டியல் என்று கேட்டிருந்தார்கள். காட்டினேன், கைகொடுத்துவிட்டுப் போனார்கள். இதைத் தற்செயல் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நூறு இருக்கையில் ஒருவர் புதிதாக உட்கார்ந்தால் கடைசி ஆள் எழுந்திருக்க வேண்டும். நூறாவதாக இருந்தது 'மருந்து ஒவ்வாமைப் பதிவேடு'. எந்த மருந்து எந்த நோயாளிக்கு ஆகாது என்ற விவரம். அது நூற்றொன்றானது. அதற்குப் பதிலாக வேறொன்றை எழுப்பியிருக்கலாமே என்பீர்கள். 'அலங்கார மீன்தொட்டி' என்று ஒன்று முதல் பக்கத்திலேயே இருந்தது. வரவேற்பறை மீன்களுக்கு விளக்குப் போட்டு அணைக்கிற கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஒரு 'ய' போட்டிருந்தால் போதும். அந்த யோசனை எனக்கு வராமல் இல்லை. ஆனால் மீன்தொட்டி இயக்குநருடையது.

பதினைந்து நாள் கழித்து ஏசி தண்ணீர் பெட்டிக்குள் சொட்டி எல்லாம் போயிற்று. இரண்டு மணி நேரத்தில் நூறையும் உயிர்ப்பித்தேன். ரிப்போர்ட் எப்போதும்போல் போனது. மீன்களுக்கு விளக்கு எரிந்தது. இரண்டாம் பக்கத்தில் இருந்த வாகன நிறுத்தத்தில்தான் கொஞ்சம் கூச்சல்.

ஒவ்வாமைப் பதிவேடு இருந்த இடம் காலி. அது கிடைக்காவிட்டால் வார்டுத் திரையில் 'ஒவ்வாமை: இல்லை' என்று வரும். பதிவேடு இல்லை என்றாலும் இல்லை, ஒவ்வாமை இல்லை என்றாலும் இல்லை. திரைக்கு ஒரே சொல்தான் தெரியும். இது எனக்கு முதல் மணி நேரத்திலேயே தெரியும். வார்டுகளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால், நகலில் இருக்குமே, எடுங்கள் என்பார்கள். நூற்றுக்கு நூறு என்று கையெழுத்திட்டு அனுப்பியவன் என்ன பதில் சொல்வேன்? போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன். நாலு நாள் இப்படியே.

முதல் நாள் ஒரு பஸ் டிரைவர், கட்டைவிரல் காயத்துக்கு வந்தவர். இரண்டாம் நாள் யாருமில்லை. மூன்றாம் நாள் பல்வலியோடு வந்த தையல்காரம்மா. நாலாம் நாள் ஒரு கணக்கு வாத்தியார். மூவருக்கும் ஆகாத ஊசி. மூவரும் வீடு திரும்பவில்லை. வாத்தியாருக்கு ஊசி போட்ட நர்ஸ் படிக்கட்டில் உட்கார்ந்து, "நான் பார்த்துட்டுத்தான் சார் போட்டேன், இல்லைன்னுதான் சார் இருந்துச்சு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடமும் சொன்னாள். தண்ணீர் குடிம்மா என்றேன். அவளை வேலையிலிருந்து நிறுத்திய பின்னும் மூன்று வாரம் சும்மா இருந்தேன்.

அந்த நாலாம் நாள் சாயங்காலம்தான் சந்தேகம் கேட்டார்.

"ஒவ்வாமைப் பதிவேடு எங்க பெரியவரே?"

"எடுத்திட்டிருக்கேன்."

"எங்கேருந்து?"

அவர் வழக்கத்துக்கு மாறாக வேறெதுவும் கேட்கவில்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

ஆக, மூன்று பேரையும் கொன்றது நான். நர்ஸ் இல்லை, ஏசியும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. மைத்துனன் உயிருக்கும் முகம் தெரியாதவர்கள் உயிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கிழவன், சொந்தம் என்று அவன் பக்கம் சாய்ந்துவிட்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் வேறு வழியில்லை என்பதைக் குழு பரிவோடு பார்க்க வேண்டும்.

பெயரை மாற்றிய தேதியைத் தனியே எழுதச் சொன்னீர்கள். ஜூன் ஒன்பது. மைத்துனன் இறந்தது மே பதினேழு.